நெட் வேகத்தைக் கூட்டும் முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

நம் உறுப்பினர்களில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. அல்லது முன்பக்கம் கடை, பின்கட்டில் குடும்பம். இப்படிப்பட்ட கட்டடங்களில் இப்போது ஒரே பேச்சு, "நெட் சுற்றுகிறது, பெரிய பிளானுக்கு மாற்றுங்கள்" என்பதுதான். "மெஷ் போட்டால் மூலை முடுக்கெல்லாம் கிடைக்கும்" என்று விற்க வருகிறவரும் சொல்கிறார். இரண்டுக்கும் தலையாட்டி விடுகிறோம். துவரம் பருப்பு வாங்கும்போது கையில் அள்ளிப் பார்த்து, எடை போட்டு, விலை பேசி வாங்கும் நாம், இதில் மட்டும் எடை போடாமலே பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேவை எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். மிகத் தெளிவான 4கே படத்திற்கு 15 எம்.பி.பி.எஸ். போதும் என்று நெட்பிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. இரண்டு டி.வி. ஒரே நேரத்தில் ஓடினால் 30. பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு 4, கைபேசிகளுக்குத் தாராளமாக 10 என்று வையுங்கள். மொத்தம் 44. சாதாரணமான 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் பாதிகூட ஆகவில்லை. கடை பில்லிங், இ-வே பில், 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமான இ-இன்வாய்ஸ் ஆகியவை எல்லாம் வெறும் எழுத்தும் எண்ணும்; கணக்கில் சேர்க்கவே வேண்டியதில்லை. 20-ஆம் தேதி ரிட்டர்ன் போடும்போது சுற்றுகிறதே என்பீர்கள். அன்று நாடே ஒரு வாசலில் போய் நிற்கிறது. நம் வீட்டு இணைப்பைப் பெரிதாக்கி அந்தக் கூட்டத்தைக் குறைக்க முடியுமா?

கல்லாப் பக்கத்தில் பணம் வந்ததை அறிவிக்கும் ஸ்பீக்கர் பெட்டி தாமதமாகப் பேசுகிறது என்பதற்காகவே பிளானைக் கூட்டிய சில்லறைக் கடைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளே இருக்கும் சிம் கார்டில் ஓடுகின்றன. வீட்டு வைஃபைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

மாதம் 300 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 354, ஆண்டுக்கு 4,248 ரூபாய். நூற்றுக்கு 2 ரூபாய் நிற்கும் சர்க்கரை வியாபாரத்தில் இதைச் சம்பாதிக்க 2,12,400 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆகவே முதலில் சோதனை. இரவு 9 மணிக்கு, ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகி வேகத்தைப் பாருங்கள். அதே நேரத்தில் மாடி அறையில் கைபேசியில் பாருங்கள். ஒயரில் 95 காட்டி மாடியில் 12 காட்டினால் குறை நம் வீட்டுக்குள் இருக்கிறது. பிளானை 300 ஆக்கினாலும் மாடிக்கு அந்த வேகம் போய்ச் சேராது. ஒயரிலேயே 20தான் என்றால் முதலில் கம்பெனியில் புகார் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குள் குறை என்றால், பெரும்பாலும் ரவுட்டர் இருக்கும் இடம்தான் காரணம். இணைப்புக் கொடுக்க வந்த பையன் ஒயர் மிச்சமாகட்டும் என்று வாசல் ஓரத்தில், ஷட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போயிருப்பான். இரும்பு ஷட்டர், இரும்பு ரேக், அடுக்கிய எண்ணெய் டின், பிரிட்ஜ், கம்பி கட்டிய கான்கிரீட் தளம் எல்லாம் சிக்னலைத் தடுப்பவை. நம் மளிகைக் கடையில் இவற்றுக்கா பஞ்சம்? பெட்டியைக் கட்டடத்தின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் மாட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே குறை தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

தீராவிட்டால், மாடிக்கு ஒரு கேட் 6 கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைப்பதே உறுதியான வழி. 100 மீட்டர் வரை அந்தக் கேபிளில் வேகம் குறையாது. முனையில் எட்டு இழைகளையும் சேர்க்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். நான்கை மட்டும் சேர்த்தாலும் நெட் வரும், ஆனால் 100-ஐத் தாண்டாது. மலிவான ரவுட்டர்களின் போர்ட்டும் இப்படித்தான். அதில் 300 பிளான் போட்டு ஒயரில் 95 வாங்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மெஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுவரில் துளை போட விடாத வாடகைக் கட்டடம், நீளமான பழைய வீடு என்றால் அது நியாயமான செலவு. ஆனால் ஒயர் இல்லாமல், காற்றில் வாங்கிக் காற்றிலேயே கொடுக்கும் சாதாரணப் பெட்டிகளில் ஒவ்வொரு கை மாறும்போதும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்த அறையிலேயே வைக்கிறார்கள். அங்கே வாங்கவே ஒன்றுமில்லாதபோது அது எதைக் கொடுக்கும்? பாதி வழியில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் எல்லாப் பெட்டியும் சேர்ந்து போகும் என்பதால் கடைப் பெட்டிக்காவது 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். அவசியம்.

வரி விஷயம். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து, வீடும் கடையும் பயன்படுத்தும் இணைப்புக்கு முழு வரியையும் இன்புட் கிரெடிட் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வியாபாரத்திற்குப் பயன்பட்ட பங்குக்குத்தான் கிரெடிட் உண்டு, மாடி டி.வி.க்குக் கிடையாது. காம்பொசிஷனில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. மாதம் ஐம்பது, நூறு ரூபாய்க்காக நோட்டீஸ் வாங்க வேண்டுமா? என்னைக் கேட்டால், ஒரு பெரிய பிளானுக்குப் பதில் கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு சிறிய இணைப்புகளை வெவ்வேறு கம்பெனியில் எடுப்பது மேல். ரோடு தோண்டி ஒன்று அறுந்தால் மற்றதில் பில் போடலாம். லாரி நின்றுகொண்டிருக்க, இ-வே பில் எடுக்க முடியாமல் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். நல்ல மெஷ் செட் ஒன்றை வாங்கி அலுவலகத்தில் வைக்கலாம். உறுப்பினர்கள் முன்பணம் கட்டி இரண்டு நாள் எடுத்துப்போய், தங்கள் கட்டடத்தில் பயன்படுகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். செயற்குழு சம்மதித்தால் அதன் விலையில் பாதியை நான் தருகிறேன்.