சித்திரக்காரர்கள் கட்டிய ஊர்

"பையன் என்னங்க பண்றான்?"

"படம் போடறானுங்க."

"அது சரிங்க, சோத்துக்கு?"

கோயம்புத்தூர்ப் பக்கம் பெண் கொடுக்கும் வீட்டார் இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நேயர்களே! நியாயமான கேள்விதான். இதே கேள்வியைப் போட்டு மூளையைக் குடைந்துகொண்ட ஓவியர் ஒருவர், 1911-ல் அதே கோயம்புத்தூரில்தான் பிறந்தார். அவர் கே. சி. எஸ். பணிக்கர்.

சென்னை ஓவியப் பள்ளியில் ராய் சௌத்ரியிடம் பயின்று, 1957-ல் அங்கேயே முதல்வரானார் பணிக்கர். கெட்டிக்காரப் பையன்கள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ வேலையில் புகுந்து, தூரிகையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவதைக் கண்டார். மனிதர் சும்மா இருக்கவில்லை. துணியைக் கையில் எடுத்தார்!

பதிக் வேலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உருகிய மெழுகால் துணியில் சித்திரம் தீட்டிச் சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரில் மெழுகை நீக்கினால் சித்திரம் பளிச்சென்று தெரியும். சாயப்பட்டறை பார்த்துப் பழகிய கொங்கு வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்குவது அதிகப்பிரசங்கம். கொஞ்ச நேரம் இந்தக் கைத்தொழில், மீதி நேரம் சொந்த ஓவியம் என்று ஏற்பாடு. துணி விற்ற பணத்தில் ஒரு பகுதியைச் சேர்த்து, 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கிவிட்டார்கள். சோழமண்டலம் என்று பெயரும் சூட்டினார்கள். சர்க்கார் மானியம் வரட்டும் என்று காத்திருந்தால், இன்னும் மனுப் போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மணலில் தாங்களே வீடு கட்டிக் குடும்பத்தோடு குடியேறினார்கள். பணிக்கர் 1977-ல் மறைந்தார், ஊர் நிலைத்துவிட்டது. வெளியூர்க் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்ய விருந்தினர் விடுதியும் அங்கே உண்டு. விருந்தாளிக்குப் பக்கத்து வீட்டில் சிற்பி, எதிர் வீட்டில் ஓவியர்! இந்தச் சகவாசம் எந்தப் பெரிய ஹோட்டலில் கிடைக்கும், சொல்லுங்கள்!

தூரிகை பிடிக்காத நம் போன்றவர்கள் பகலில் போய்வரலாம். 2009-ல் திறந்த காட்சிசாலை இருக்கிறது. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: எழுத்துப்போலவும் ஜாதகக் கட்டம்போலவும் தெரியும், கூட்டிப் படிக்க முயலாதீர்கள். அவை பார்ப்பதற்கு மட்டுமே. இன்னொன்று, காட்சிசாலைக்கு அப்பால் தெரிபவை குடும்பங்கள் வசிக்கும் வீடுகள். குழந்தைகளை ஜன்னலில் எட்டிப் பார்க்க விடாதீர்கள்!