வீரன் சொன்ன சொல் யாருக்கு உரியது?

ஆடுகளத்தில் உளவியலாருக்கு என்ன வேலை என வினவுவோர் இன்றும் உளர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்மன் கிரிஃபித் 1925இலேயே விளையாட்டு வீரருக்கென ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்குப் பயின்ற ரெட் கிரேஞ்சு, 1924இல் மிச்சிகன் அணிக்கு எதிரான அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் முதல் 12 நிமிடங்களில் 4 முறை பந்துடன் எல்லை கடந்தவர். கிரிஃபித் வினவியபோது, அவ்வாட்டத்தின் நுணுக்கம் ஒன்றையும் அவரால் நினைவுகூர இயலவில்லையாம்! பழகிய உடல் தானே இயங்க, எண்ணம் ஒதுங்கி நின்றது போலும். கோப்பைகளை எண்ணுவோருக்கு எளிதில் தோன்றாத வினா இது. ஆசிரியர் ஒருவருக்குத் தோன்றிற்று.

பொருளாதார மந்தத்திடையே 1932இல் அக்கூடம் மூடப்பட்டது. 1938இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி அவரை அமர்த்தியது. ஆங்கு நிலை வேறு. வீரரைப் பற்றிய அவரது அறிக்கைகள் உரிமையாளர் ரிக்லியைச் சென்றடைந்தன. மேலாளரோ அவரை ஐயத்துடனேயே நோக்கினார். அவ்வையத்தை நாம் முற்றும் பழியோம்.

பல்கலைக்கழகத்தில் வீரன் முதற்கண் மாணவன். ஆய்வு செய்யும் ஆசிரியரும் அவர்தம் மாணவரும் அவன் அச்சத்தையும் உறக்கமின்மையையும் கேட்டறிவர். அச்சொற்கள் அணித் தேர்வுக் குழுவின் மேசைக்குச் செல்லலாகாது என்பதே நம் துணிபு. செல்லுமாயின், அடுத்த ஆட்டத்திற்குப் பின் எந்தக் கிரேஞ்சும் வாய் திறவான்.