ஒரு கமா விட்டதுக்கா பாதுகாப்பையே தூக்கிப் போடுவது?

ஏலக்காய் விலை இன்று ஸ்க்ரீனில்தான் தெரிகிறது. போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியின் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. கடைகளிலும் கணக்கு நோட்டு கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது.

அப்படி ஒரு கடைக்கு பைத்தானில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் இளைஞரை நினைத்துப் பாருங்கள். விவசாயி பெயரை எஸ்க்யூஎல் வரிக்குள் நேரடியாக ஒட்டுகிறார். நூறு பெயர் சரியாக வரும். 'டி'சோசா' வந்ததும், நடுவில் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோளால் கேள்வி உடைந்துவிடும். அதே ஓட்டை வழியாக ஒருவர் பெயருக்குப் பதில் கட்டளையையே அனுப்பலாம். பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்தில் 2015-ல் இப்படித்தான் சுமார் 1,57,000 வாடிக்கையாளர்களின் தகவல் போனது. மறு ஆண்டு 4 லட்சம் பவுண்ட் அபராதம்.

தீர்வு என்ன?

பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு '?' வைத்து, பெயரைத் தனியாக அனுப்புவது. படிவத்தில் பெயர்க் கட்டத்துக்குள் என்ன எழுதினாலும் அது பெயர்தானே, அதே கதை. இதுதான் 'பாராமீட்டரைஸ்டு க்வெரி'.

அப்புறம் ஏன் எரர் வருகிறது?

பைத்தானின் எஸ்க்யூலைட்டில் ("போடி") என்று அனுப்பினால், 'கேட்டது 1, வந்தது 4' என்று எரர் வரும். நமக்கு இரண்டு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ப, ஓகாரக் குறி, ட, இகரக் குறி என நான்கு. ("போடி",) என்று ஒரு கமா போட்டால் தீர்ந்தது. '?'-ஐ மேற்கோளுக்குள் வைத்தால் அது வெறும் எழுத்தாகிவிடும். 'கேட்டது 0, வந்தது 1' என்று வரும். போஸ்ட்கிரஸுக்கான சைகோபிஜியில் '?' செல்லாது, '%s' வேண்டும். டேபிள், காலம் பெயர்களை இப்படி அனுப்பவே முடியாது. அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு சரிபார்க்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். எரர் வந்ததும் பலர், 'முதல்ல ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்று பழையபடி ஒட்டும் முறைக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதே இல்லை. எரர் செய்தியை நிதானமாகப் படித்தால் ஐந்து நிமிட வேலை. படிக்காமல் விட்டால் பணயம் வைக்கப்படுவது ப்ரோகிராமரின் நேரம் அல்ல. மலையில் காய் பறித்து அனுப்பியவரின் வங்கிக் கணக்கு எண்.