வில்லைகள் ஒன்பது, அம்மாவின் படம் ஒன்று

சென்ற ஆண்டு என் அக்கா யாழ்ப்பாணத்தில் காலமானார். அந்தியேட்டிக்கு நினைவுமலர் அச்சிட வேண்டியிருந்தது. முகப்புக்கு ஒரு நல்ல படம் தேவைப்பட்டது. அக்காவின் மூத்த மகன், அதாவது என் மருமகன், ரொறன்ரோவில் வசிக்கிறான். புகைப்படக் கலையில் அவனுக்குள்ள ஈடுபாடு எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். அவனிடம் மூன்று கமெராக்களும் ஒன்பது வில்லைகளும் இருக்கின்றன. எனவே படத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அவன் இரண்டு இரவுகள் தேடினான். நல்லூர்த் தேர் இருந்தது. கசூரினாக் கடற்கரையில் அந்திச் சூரியன் இருந்தது. குருநகர் வள்ளங்களும் பனந்தோப்புகளும் நூற்றுக்கணக்கில் இருந்தன. அம்மா ஒரேயொரு படத்தில் மட்டும் இருந்தார். புதிதாக வாங்கிய வில்லையைப் பரிசோதிப்பதற்காகக் குசினி மேடையில் செம்பொன்றை வைத்து அவன் எடுத்த படம் அது. செம்பின் விளிம்பு ஊசிமுனை போலத் துல்லியமாக விழுந்திருந்தது. அதற்குப் பின்னால், அடுப்படியில், வெள்ளைப் புகைபோல நின்றதுதான் என் அக்கா. ஜப்பானியர் 'பொக்கே' என்று பெயரிட்ட அந்தப் பின்புல மங்கலுக்காகவே அவன் இரண்டாயிரம் டொலருக்கு மேல் கொடுத்திருந்தான்.

கடைசியில் நினைவுமலரின் முகப்பில் வந்த படம், அடுத்த வீட்டுப் பிள்ளை தன் கைத்தொலைபேசியில் எடுத்தது. அக்கா வாசற்படியிலிருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு சிரிக்கிறார்.

மருமகனைச் சந்தியில் நிறுத்துவதற்காக நான் இதை எழுதவில்லை. அவன் தனி ஒருவன் அல்லன். உலகெங்கும் பரந்திருக்கும் ஒரு பெருங்கூட்டத்தின் பிரதிநிதி. அந்தக் கூட்டத்தில் நானும் சில ஆண்டுகள் உறுப்பினனாக இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கருவி சேர்க்கும் இந்த மோகத்துக்கு முதலில் பெயர் சூட்டியவர்கள் கிற்றார் வாசிப்பவர்கள். வாசிப்பதை விட்டுவிட்டுக் கிற்றார்களை வாங்கிக் குவிக்கும் தங்களையே அவர்கள் கேலி செய்துகொண்டார்கள். புகைப்படக்காரர்கள் பெயரைக் கடன் வாங்கினார்கள். கேலியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இந்த மோகத்தின் தந்திரம் என்னவென்றால், அது தன்னைச் சோம்பல் என்று காட்டிக்கொள்வதில்லை. உழைப்பு என்றே காட்டிக்கொள்கிறது. வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் ஆய்வு. வாங்கிய பின் செங்கல் மதிலை எடுத்துப் பரிசோதனை. அடுத்த மாதிரி வந்ததும் பழையதை விற்பதற்கு மீண்டும் ஆய்வு. நள்ளிரவு வரை விழித்திருந்து இரண்டு வில்லைகளின் ஓரத் துல்லியத்தை ஒப்பிட்டவன், தான் அன்று புகைப்படக் கலையில் ஈடுபட்டதாகவே நம்பித் தூங்கப் போகிறான். அன்று அவன் ஒரு படமும் எடுக்கவில்லை.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் எங்கள் காரியாலயத்தில் மூத்த படப்பிடிப்பாளர் ஒருவர் இருந்தார். கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றில் 36 படங்கள். அதை மூன்று நிகழ்ச்சிகளுக்குப் பங்கிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் கட்டளை. பன்னிரண்டு படங்கள்தான் என்று தெரிந்தவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் கமெராவை எடுக்கமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடப்பார். யார் யாருடன் பேசாமல் இருக்கிறார் என்று பார்ப்பார். பிறகுதான் உறையைத் திறப்பார். அவருடையது 1982இல் வெளிவந்த நிக்கொன் எஃப்எம்2; வில்லை ஒன்று. அந்தக் கமெராவின் மூடுதிரை முழுக்க இயந்திர விசையால் இயங்குவது. பற்றரி ஒளிமானிக்கு மட்டுமே தேவை. தொண்ணூறுகளில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தபோது, அங்கே சென்றிருந்த அவர் வெயிலைக் கண்ணால் அளந்தே படமெடுத்தார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. இன்னொரு வில்லை கொடுத்திருந்தால் அந்த மனிதர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கியிருப்பார். ஆனால் அது வரும்வரை பார்ப்பதை ஒத்திவைக்கவில்லை என்பதுதான் அவருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம்.

ஜூலியா மார்கரட் கமரோன் அம்மையாரைக் கலைச்சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமெரா அவர் கைக்கு வந்தபோது 1863. அவருக்கு வயது 48. கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனேயே கழுவவேண்டிய முறை அது. 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் கிராமத்தவர்களையும், விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் படமெடுத்தார். 1879இல் இந்த மண்ணிலேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். அவருடைய படங்கள் தெளிவில்லை, தொழில்நுட்பம் போதாது என்று அக்காலத்துப் புகைப்படச் சங்கத்தினர் முகஞ்சுளித்தனர். முகஞ்சுளித்தவர்களின் துல்லியமான படங்கள் எங்கே? அம்மையாரின் மங்கல் முகத்தை நோக்கிச் சென்ற மங்கல். நமது மங்கலிலோ முகமே காணாமற் போகிறது.

இனி வியாபாரிகளின் பக்கம். ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிற்றல் கமெராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் அது 80 இலட்சத்துக்கும் குறைவு. சாதாரண மக்கள் கைத்தொலைபேசியோடு போய்விட்டார்கள். எஞ்சியிருப்பது பொழுதுபோக்காளர் வட்டம். தொழிற்சாலை நிற்காமல் ஓடவேண்டுமானால் இந்தச் சிறு வட்டமே திரும்பத் திரும்ப, முன்னிலும் கூடிய விலைக்கு வாங்க வேண்டும். அதற்கு அவன் தன்னிடம் உள்ளதில் திருப்தியடையாமல் இருக்க வேண்டும். 2018இல் நிக்கொன், கனொன் இரண்டு நிறுவனங்களுமே வில்லை பொருத்தும் வளையத்தை மாற்றின. பழைய வில்லைகளை இணைப்பான் ஒன்றால் பொருத்தலாம்தான். ஆயினும் எத்தனை பேருடைய அலுமாரி ஒரே இரவில் 'பழசாக' மாறியது! 2003இல் வந்த 6 மெகாபிக்சல் கமெராவில் எடுத்த படத்தை எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சிட்டால் இன்றைக்கும் சுவரில் மாட்டலாம். நம்மில் எத்தனை பேர் அந்த அளவுக்காவது ஒரு படத்தை அச்சிட்டிருக்கிறோம்?

கருவியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். குமணவில் பறவைகளை எடுப்பவருக்கு நீண்ட வில்லை இல்லாமல் முடியாது. கலியாண வீட்டில் தொழில் செய்பவரின் கமெரா பழுதானால் தாலிகட்டு அவருக்காகக் காத்திராது; அவர் இரண்டு வைத்திருக்கத்தான் வேண்டும். இந்தக் கருவி இல்லாததால் தவறிப்போன படம் எதுவென்று உங்களால் சொல்ல முடியுமானால், தாராளமாக வாங்குங்கள். சேர்ப்பதே எங்கள் இன்பம், முத்திரை சேர்ப்பதைப்போல என்று சிலர் சொல்வார்கள். அது நேர்மையான பதில். அப்படியானால் கருவி சேர்க்கிறேன் என்று சொல்லட்டும்; படம் பிடிக்கிறேன் என்று சொல்ல வேண்டாம். மருமகனின் அந்த ஒரு வில்லையின் விலை, ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு வந்துபோகும் விமானச் சீட்டின் விலைக்கு ஏறக்குறையச் சமம். அக்காவின் கடைசி நான்கு ஆண்டுகளில் அவன் ஒரு தடவைதான் வந்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் நானும் இரண்டு வில்லைகள் வாங்கி, கொழும்பில் என் அலுமாரியில் துணி சுற்றிப் பத்திரப்படுத்தினேன். நமது ஊர் ஈரக்காற்றில், இருட்டில் பூட்டிவைத்த வில்லைக்கு என்ன நேரும் என்று கமெரா திருத்துபவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளின் பின் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். பாரம் என்று கமெராவை எடுத்துப் போகவில்லை. அக்காவைப் படமெடுக்காதவன் அவளுடைய மகன் மட்டும் அல்லன்.

ஆண்டுத் திவசம் முடிந்த மறுவாரம் மருமகன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். அக்காவின் பழைய அல்பங்களை அவனுடைய தங்கை தேடி எடுத்திருக்கிறாளாம். எழுபதுகளில் ஸ்ரூடியோவில் எடுத்த படங்களும் இருக்கின்றனவாம். அவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்கிறான். "மாமா, நான்கு ஸ்கானர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். இதில் எதை வாங்கலாம்?" என்று கேட்டு, நான்கின் விபரக் குறிப்புகளையும் இணைத்திருக்கிறான்.

இன்னும் பதில் எழுதவில்லை.