கடன் கொடுக்க அப்பன் தொழிலை ஏன் கேட்க வேண்டும்?

ஏழைகள் தொழில் துவக்க முதல் கொடுக்க வேண்டியது சர்க்காரின் கடமை என்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் கிடையாது. காலையில் கந்துவட்டிக்கு வாங்கி, மாலையில் வட்டியைக் கட்டிவிட்டு, மிச்சமிருந்தால் அரிசி வாங்கிப் போகின்றவர்களை எந்தச் சந்தையிலும் பார்க்கலாம். அவர்களுக்கு ஈடு கேளாமல் நூற்றுக்கு 5 வட்டியில் பணம் கிடைப்பது நல்ல காரியமேயாகும்.

ஆனால் 2023-ம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி மத்திய சர்க்கார் துவக்கிய விசுவகர்மா திட்டத்தைப் பாருங்கள். முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். கருவி வாங்க 15,000 ரூபாய். யாருக்கு? தச்சர், கொல்லர், குயவர், சலவைக்காரர், முடிதிருத்துவோர், செருப்புத் தைப்போர் என்று 18 தொழில்களை எழுதி, அவற்றுக்குக் குடும்பவழித் தொழில் என்று பெயரிட்டு, வயது 18 ஆனால் போதும் என்றார்கள்.

18 வயது என்ன வயது, தோழர்களே? பள்ளிக்கூடம் முடித்த பையன் காலேஜுக்குப் போகலாமா என்று ஏங்குகின்ற வயது. வீட்டிலோ சம்பளம் கட்ட வழியில்லை. அந்தச் சமயம் பார்த்து ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் லட்ச ரூபாயும் நீட்டினால் அவன் எந்தப் பக்கம் சாய்வான்? பலவந்தம் ஒன்றுமில்லையே என்பார்கள். பசியைவிடப் பலவந்தம் வேறு வேண்டுமோ? 1953-ல் ஆச்சாரியார் கிராமப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்றார். அது மறு வருஷமே ஒழிந்தது. வட்டிக்கடைக்காரர் மகனையும் வக்கீல் மகனையும் 18 வயதில் அப்பன் வேலைக்குத் திரும்பு என்று எந்தச் சர்க்காராவது பணம் நீட்டியதுண்டா?

தமிழ்நாட்டு சர்க்கார் 2024 ஜனவரியில், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று கேட்டது. இசைவு கிடைக்காததால் நவம்பரில் அத்திட்டத்தை அப்படியே ஏற்பதற்கில்லை என்று எழுதிவிட்டு, 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் துவக்கியது. 3 லட்சம் வரை கடன், 50,000-க்கு மேற்படாமல் கால் பங்கு மானியம், ஜாதியும் கேட்பதில்லை. சந்தோஷமே.

நிற்க, இதிலும் நமக்கு ஒரு குறை உண்டு. 25 வயதில் சொந்தக் கடை வைக்க விரும்புகின்றவன் இன்னும் 10 வருஷம் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்பதா? மோட்டார் பழுது பார்க்கவோ, அச்சுக்கூடம் வைக்கவோ, அல்லது அவனே மனமொப்பிச் சலூன் வைக்கவோ, கேட்கின்ற தொழிலுக்கு அதே 5 வட்டியில் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? 2015-ல் வந்த முத்ரா கடனில் இம்மாதிரிப் பரம்பரைத் தொழில் பட்டியல் கிடையாதே! வட்டி மட்டுந்தான் பாங்கிக்காரர் வைத்தது.