எல்.எல்.ஆர். தேர்வும் சாலையின் மீதான உரிமையும்

கூடுவாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்பு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சட்ட உதவி முகாம் நடத்திவருகிறோம். பட்டா, சாதிச் சான்றிதழ், காவல் நிலையப் புகார் என வரும் கேள்விகளுக்கு இடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: "எல்.எல்.ஆர். எடுக்கணும் சார், பரீட்சைக்கு என்ன படிக்கணும்?" கேட்பவர்களில் மறைமலைநகர், ஒரகடம் தொழிற்சாலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்கள், உணவு விநியோக வேலைக்குச் செல்ல விரும்பும் இளைஞர்கள், பல ஆண்டுகளாகப் பிறருடைய குட்டியானையை உரிமமின்றியே ஓட்டிவரும் நடுவயதினர் ஆகியோர் உண்டு. தொடக்கத்தில் இதைச் சட்ட உதவிக்கு வெளியே நிற்கும் சிறு விஷயமாகவே கருதினோம். அது பிழை என்பதை எங்களிடம் வந்த விபத்து வழக்குகளே கற்பித்தன.

சாலை தலித் மக்களுக்கு ஒருபோதும் இயல்பாகக் கிடைத்ததில்லை. இதே செங்கல்பட்டு வட்டாரத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலைகளிலும் கிணறுகளிலும் குளங்களிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்று 1924ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கூறு, சாதியின் பெயரால் தடை விதிக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் சாலையையும் சேர்த்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் பட்டியலினத்தவரைத் தடுப்பதைத் தனிக் குற்றமாக்கியது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் தலித் மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதே காரணம் என்று குடும்பத்தினர் புகார் அளித்தனர். நடப்பதற்கான உரிமையில் தொடங்கிய போராட்டம் இன்று ஓட்டுவதற்கான உரிமையில் வந்து நிற்கிறது. அந்த உரிமையைச் சட்டப்படி கையில் தரும் முதல் தாள் பழகுநர் உரிமம். அந்தத் தாளுக்கு முன் நிற்கும் வாசல் அறிவுத் தேர்வு.

இத்தேர்வில் சட்டம் எதிர்பார்ப்பது என்ன? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 11ஆவது விதி நான்கு செய்திகளைக் குறிப்பிடுகிறது: போக்குவரத்துச் சின்னங்களும் சாலை விதிகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டிய கடமைகள், ஆளில்லா ரயில்வே கடவையைக் கடக்கும்போது கொள்ள வேண்டிய எச்சரிக்கை, வாகனத்தில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். கேள்விகளில் 60 விழுக்காட்டுக்குச் சரியான விடையளித்தால் தேர்ச்சி. இவற்றில் எதுவும் எழுத்தறிவைச் சோதிப்பதன்று. போக்குவரத்துச் சின்னங்களே எழுத்தை நம்பாமல் வடிவத்தாலும் நிறத்தாலும் பேசுபவை.

ஆனால் எழுத்தறிவையே ஓட்டுநரின் தகுதியாக்கும் மனநிலை நம் நிறுவனங்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. போக்குவரத்து வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி 2007இல் வந்தது. 2019இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம், எழுதப் படிக்கத் தெரியாதவர் பாதசாரிகளுக்கு ஆபத்தானவர் என்று கூறி, அத்தகையோருக்கு எவ்வகை ஓட்டுநர் உரிமமும் வழங்கக் கூடாது என உத்தரவிட்டது. அதே ஆண்டில் ஒன்றிய அரசு எதிர்த்திசையில் சென்றது. ஹரியானாவின் மேவாத் பகுதி மக்களுக்கு ஓட்டுநர் தொழிலே வாழ்வாதாரம் என்று அம்மாநில அரசு சுட்டிக்காட்டிய பின்னர், எட்டாம் வகுப்பு விதி நீக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 80 விழுக்காடு; பட்டியலினத்தவரிடையே அது 73 விழுக்காடு. பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட தலைமுறையைச் சாலைக்கும் வெளியே நிறுத்திய விதி, பன்னிரண்டு ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது என்பதே இதன் பொருள்.

விதி போனாலும் தடை முழுவதும் போய்விடவில்லை. அது கணினித் திரைக்கு இடம் மாறியிருக்கிறது. இன்று ஆதார் எண்ணைக் கொண்டு இணையம் வழியாகவே விண்ணப்பித்து, பாதுகாப்புக் காணொளி பார்த்து, தேர்வும் எழுதலாம். இ-சேவை மையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். இது நல்ல மாற்றமே. ஆனால் ஆதாருடன் இணைந்த கைபேசி எண் வேண்டும். நேரம் ஓடிக்கொண்டிருக்கும் திரையில் கேள்வியைப் படித்து முடிக்கும் வேகம் வேண்டும். எங்கள் முகாமுக்கு வந்த ஒருவர், முக்கோணத்துக்குள் வளைந்த கோட்டைக் காட்டியவுடன் "முன்னாடி வளைவு இருக்கு, வேகத்தைக் குறைக்கணும்" என்றார். அது உத்தரவுச் சின்னமா, எச்சரிக்கைச் சின்னமா, தகவல் சின்னமா என்று கேட்டபோது மௌனமானார். அவர் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தார். "நீங்க உட்கார்ந்தா போதும், பதிலை நாங்க போட்டுக்கறோம்" என்று ஓர் இடைத்தரகர் தன்னிடம் பணம் கேட்டதாகவும் சொன்னார்.

இந்தக் குறுக்குவழியை நாங்கள் எதிர்ப்பதற்கு ஒழுக்கப் போதனை காரணமன்று. அதன் விலையை எம் மக்களே கொடுக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவை எடுத்துக்கொள்வோம். விபத்து நேர்ந்தால் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது இயலாமற் போனால் அக்கடமையிலிருந்து விலக்கு உண்டு என்பதையும் அதே பிரிவு கூறுகிறது. அவ்விடத்தில் காவலர் இல்லையெனில், எவ்வளவு விரைவில் இயலுமோ அவ்வளவு விரைவில், எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். ஊர்த்தெரு வழியே வண்டி ஓட்டும் சேரி இளைஞனுக்கு அடிவிழும் அச்சம் கற்பனையன்று. அஞ்சி ஓடியவன் நேராகக் காவல் நிலையம் சென்றால் சட்டம் அவனைப் புரிந்துகொள்ளும். வீட்டில் ஒளிந்தால் குற்றவாளியாகவே பார்க்கும். இந்த ஒரு விடையைத் தெரிந்துகொள்ளாமல் தேர்வைக் 'கடந்தவர்', அதன் பொருளைப் பின்னர் நீதிமன்றத்தில்தான் கற்கிறார்.

உரிமமே இல்லாதவரின் நிலை இன்னும் கடுமையானது. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமமின்றி ஓட்டுவதற்கு அபராதம் 5,000 ரூபாய். வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய். அதைவிடப் பெரியது இழப்பீட்டுச் சுமை. உரிமமில்லாத ஓட்டுநரால் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குத் தொகையைக் கொடுத்துவிட்டு, உரிமையாளரிடமிருந்து அதைத் திரும்ப வசூலிக்கலாம் என்ற நிலைப்பாட்டை உச்சநீதிமன்றம் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் வகுத்தது. தவணையில் வாங்கிய ஒரே இருசக்கர வண்டியைத் தம்பியிடம் கொடுத்த அண்ணன், பல லட்சம் ரூபாய்க்குப் பொறுப்பாளியாகலாம்.

மறுபுறம், வாய்ப்பும் விரிந்திருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைவான போக்குவரத்து வாகனங்களை, இலகுரக வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்சநீதிமன்றத்தின் அரசமைப்புச் சட்ட அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. வாகனம் வாங்க தாட்கோ கடனுதவி கோருவோருக்கும் ஓட்டுநர் உரிமம் தேவை. ஆகவே கூலி ஓட்டுநர் சொந்த வண்டிக்காரராகும் பாதை பழகுநர் தேர்விலிருந்தே தொடங்குகிறது.

எனவே முகாமில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கினோம். வடிவத்திலிருந்து தொடங்குகிறோம்: சிவப்பு வளையமிட்ட வட்டம் தடுக்கும், நீல வட்டம் கட்டளையிடும், முக்கோணம் எச்சரிக்கும், நீலச் செவ்வகம் தகவல் தரும். 'நில்' என்பதற்கு எண்கோணமும் 'வழிவிடு' என்பதற்குத் தலைகீழ் முக்கோணமும் தனித்து நிற்பவை. அடுத்து ஆவணங்கள்: உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று. இவற்றை டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும் என்பது, வழியில் நிறுத்தப்படும் இளைஞருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சட்டம். பின்னர் 134ஆவது பிரிவு. கல்லூரி மாணவி கேள்வியை உரக்கப் படிக்க, படிக்காத தந்தை விடை சொல்கிறார். அவருடைய விடை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

அரசிடம் நாங்கள் கேட்பவை மூன்று. எளிய தமிழில் ஒலிவடிவக் கேள்விகள் எல்லாத் தேர்வு மையங்களிலும் தாமாகவே கிடைக்க வேண்டும். கெஞ்சிப் பெறும் சலுகையாக இருக்கக் கூடாது. ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளிலும் கிளை நூலகங்களிலும் கட்டணமில்லாப் பயிற்சித் தேர்வுக்கு வசதி வேண்டும். தாட்கோ கடன் விண்ணப்பத்தோடு பழகுநர் தேர்வுப் பயிற்சியும் இணைக்கப்பட வேண்டும். தேர்வை எளிதாக்குமாறு நாங்கள் கோரவில்லை. அறுபது விழுக்காடு அப்படியே இருக்கட்டும். சாலையை அறிந்தவர் அந்த அறிவைத் தம் மொழியில், தம் வாயால் சொல்லித் தேர்ச்சி பெற வழி வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.