ஊர்ப் பணமும் மாநிலப் பணமும்

ஒரு ஊரில் திறந்தவெளி பிளாட்டாகிறது. நூறு வருடக் கட்டடம் இடிபடுகிறது. வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியேறுகின்றன. மூன்றும் வேறு வேறு பிரச்சனைகள் போலத் தெரியும். ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: ஏறிக்கொண்டே போகும் நிலத்தின் விலை!

இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே உண்டியல் வைத்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். 2000 செப்டம்பரில் ஆளுநர் பால் செலூச்சி கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் பெயர் சமூகப் பாதுகாப்புச் சட்டம்.

இது யார் மீதும் திணிக்கப்படுவதில்லை. ஊர் மக்கள் வாக்களித்து ஏற்றால்தான் நடைமுறைக்கு வரும். ஏற்றால், சொத்துவரியின் மேல் அதிகபட்சம் 3 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். சொத்தின் மதிப்பில் 3 சதவீதம் அல்ல, கட்டும் வரியில்! அதாவது 5,000 டாலர் வரி கட்டுபவருக்கு 150 டாலர்தான். ஆண்டுதோறும் அந்த நிதியில் திறந்தவெளிக்கு 10, வரலாற்றுச் சின்னங்களுக்கு 10, மலிவு விலை வீடுகளுக்கு 10 சதவீதமாவது ஒதுக்கியே ஆகவேண்டும். மீதியை எதில் போடுவது என்பது ஊரின் விருப்பம். 2001-ல் இதை ஏற்ற கேம்பிரிட்ஜ் நகரம் பெரும்பங்கை வீடுகளுக்கே கொடுத்துவருகிறது. 2001-ல் மறுத்த பாஸ்டன், 2016-ல் மனம் மாறி 1 சதவீதம் ஏற்றது.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே?

ஊர் திரட்டும் பணத்தோடு மாநிலமும் ஒரு பங்கு சேர்க்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் டாலருக்கு டாலர் கிடைத்தது. ஊர்கள் கூடக்கூட அது குறைந்தது. அந்தப் பணம் வருவது நிலப் பத்திரப் பதிவின் மேல் போடும் கட்டணத்திலிருந்து. முதலில் பெரும்பாலான பத்திரங்களுக்கு 20 டாலர், 2019 கடைசியில் அது 50 ஆனது. மாளிகை வாங்கினாலும் 50, சின்ன வீடு வாங்கினாலும் 50! 351 ஊர்களிலும் இதை வசூலிக்கிறார்கள். ஆனால் பங்கு கிடைப்பது சட்டத்தை ஏற்ற ஊர்களுக்கு மட்டும்.

ஏற்ற ஊர்களுக்குள்ளும் பாருங்கள். பணக்கார ஊர் ஒன்று 20 லட்சம் டாலர் திரட்டுகிறது, ஏழை ஊர் 2 லட்சம் திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாநிலம் 20 சதவீதம் கொடுத்தால் முதல் ஊருக்கு 4 லட்சம், இரண்டாவதற்கு 40 ஆயிரம். ஏழை ஊர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தரும் சுற்றுகளும் உண்டு. ஆனால் 3 சதவீத அளவை எட்டிய ஊர்களுக்குத்தான் அதில் இடம். வரி கட்டவே திணறுகிற ஊர் அதை எப்படி எட்டும்?

"சேராதது அவர்கள் முடிவுதானே" என்று சிலர் கேட்கலாம். பள்ளிக்கூடச் செலவுக்கே பணம் போதாத ஊர், பூங்காவுக்கு வரி போட மறுப்பதைச் சுதந்திரமான முடிவு என்று சொல்ல முடியுமா?

ஊர் தன் பணத்தைத் தன் விருப்பப்படி செலவழிக்கட்டும், அதுதான் இந்தச் சட்டத்தின் அழகு. ஆனால் மாநிலத்தின் பங்கு எல்லோரிடமும் வாங்கிய பணம். அதைத் திரட்டிய தொகையைப் பார்த்துப் பிரிக்காமல், தேவையைப் பார்த்துப் பிரிப்பதே நியாயம். இல்லையென்றால் சின்ன வீடு வாங்கியவரின் 50 டாலர், அவர் குடியேறவே முடியாத ஊரின் பூங்காவுக்குத்தான் போய்ச் சேரும்.